குளிர்சட்டையில் மீன் கவுச்சி

இராஜபாளையத்தில் தீயணைப்பு நிலைய அதிகாரியாக இருந்தேன். வெக்கையைத் தாங்குவதற்காக வீரர்களுக்குக் குளிர்சட்டைகள் வந்திருந்தன. அவற்றுள் செருகும் ஜெல் பொட்டலங்கள் உறைந்திருந்தால்தான் பயன். நிலையத்தில் இருந்தது ஒரே பிரிட்ஜ்.

அன்று தூத்துக்குடியிலிருந்து வந்த சீலா மீனை பிரீசரில் வைப்பதற்காக, பொட்டலங்களை எடுத்துக் கீழ்த்தட்டில் போட்டேன். மீன்நீர் அவற்றின்மீது சொட்டியிருக்கிறது.

மாலையில் பஞ்சுக் குடோனில் தீ. இறுக்கிக் கட்டிய பஞ்சுப் பேல் வெளியே அணைந்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் நனைக்க வேண்டும். உள்ளே போகவிருந்த வீரர் சட்டையை மாட்டிக்கொண்டு முகம் சுளித்தார்.

"ஐயா, இதுல குளிர்ச்சியவே காணோம். மீன் கவுச்சிதான் அடிக்குது."

"மீன்கொழம்பு திங்கவாலே போற? உள்ள போலே" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தபடிதான் போனார்.

சற்று நேரத்தில் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பு கொதித்தது, பேச்சு குழறியது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்ததில் பிழைத்துவிட்டார்; ஆனால் மறுபடி தீயருகே போகக் கூடாது என்றார் மருத்துவர். விசாரணையில், கரண்ட் இல்லாததால் பொட்டலங்கள் உறையவில்லை என்று பொய் சொல்லித் தப்பினேன்.

தீப்பிடித்த மறுநாளே அந்த மீனை வறுத்துத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. இன்றும் எனக்குக் குமட்டுவது அந்த ருசியை நினைத்துத்தான்.