யோகேஸ்வரி அக்கா வளர்த்த பாசி

யாழ்ப்பாணத்திலிருந்து அக்காவின் தம்பி அழைத்தபோது ஆய்வகத்தில் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். "அக்கா காலமை போயிட்டா" என்றார். மதியத்துக்குள் எங்கள் துறைத்தலைவரின் இரங்கல் எல்லோருக்கும் மின்னஞ்சலில் வந்துவிட்டது. 'நம் குடும்பத்தில் ஒருவரை இழந்தோம்' என்று தொடங்கியது. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

ஷார்ஜாவில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு டாக்டர் யோகேஸ்வரியை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காயலின் உப்புநீரிலிருந்து ஒரு பாசியை எடுத்து, இந்த ஊர்க் கோடையையும் தாங்கும்படி பழக்கியவர். மீன்குஞ்சுகளுக்கான தீனி அது. ஆய்வகத்துக்குப் பெயர் வாங்கித் தந்ததும் அதுதான்.

நிதி குறைந்ததும் முதலில் நீக்கப்பட்டவர் அவர். அப்போது அவருக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை பாதிதான் முடிந்திருந்தது. இங்கே விசா போனால் இன்சூரன்ஸும் போய்விடும். "கீமோ முடியுமட்டும் விசாவை வைச்சிருங்கோ சேர். சம்பளம் வேண்டாம், வேலை செய்யிறன்" என்று என் முன்னால்தான் கேட்டார். தலைவர் கோயம்புத்தூர்க்காரர். "ரூல்ஸ் இடம் கொடுக்காதுங்க மேடம். கேன்சல் ஆனப்புறம் லேப்ல கால் வெச்சாலே தப்புங்க" என்றார்.

லிஃப்டில் நான்தான் அழுதேன். அக்கா என் தோளைப் பிடித்துத் திருப்பினார். "அழாதையும். வடிவாக் கோபப்படும். அழுதால் அவருக்குத்தான் சுகம்."

அடுத்து வந்த ஈத் விடுமுறையில் சிக்கனம் என்று ஆய்வகத்தின் ஏசியை அணைக்கச் சொன்னார் தலைவர். திரும்பி வந்தபோது குடுவைகள் எல்லாம் வெளுத்திருந்தன; வெளிக் கோடையைத் தாங்கும் பாசிதான், ஆனால் அடைத்த அறையின் வெக்கையில் செத்துவிட்டது. நிதி தருபவர்கள் பார்க்க வரவிருந்த பாசி அது. ஊருக்குப் புறப்படவிருந்த அக்காவின் அறையில் நான் பெட்டி கட்ட உதவிக்கொண்டிருந்தபோது தலைவரின் அழைப்பு வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், ரெண்டு நாள் வந்துட்டுப் போங்களேன். நம்ம ஆளுங்கன்னு உரிமையோட கேக்கறேன்."

அக்கா சேலையை மடிப்பதை நிறுத்தவில்லை. "ஐயோ சேர், கால் வைச்சாலே பிழையெண்டு நீங்கள்தானே விளங்கப்படுத்தினனீங்கள். நான் சட்டத்துக்குப் பயந்த மனுசி."

போனை வைத்துவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

ஊரில் சிகிச்சை தாமதமாகத்தான் மறுபடி தொடங்கியது. தலைவர் கொன்றார் என்று எழுத மாட்டேன். மருத்துவர்கள் அப்படிச் சொல்லவில்லை. சிகிச்சை அறுந்திருந்த வாரங்களில் நோய் பரவிவிட்டது என்று மட்டும் சொன்னார்கள்.

நேற்று தலைவர் என்னைக் கூப்பிட்டார். என் விசா புதுப்பிப்புக்கு அவர் கையெழுத்து வேண்டும். அதை முதலில் நினைவூட்டினார். பிறகு, "அந்தப் பாசியை மறுபடி வளத்துக் கொடுங்க. அவங்க நினைவா அவங்க பேரையே வெச்சுடலாம். உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாங்களே" என்றார்.

"எனக்குத் தெரியாது சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் சொல்றேன் சார்."

இதை அவர் படிப்பார். படிக்கட்டும். எனக்குத் தெரியும். காயலின் எந்த ஓரத்தில், எந்தப் பருவத்தில் அள்ள வேண்டும், எவ்வளவு மெதுவாக வெப்பத்துக்குப் பழக்க வேண்டும் என்பதையெல்லாம் அக்கா போவதற்கு முன் சொல்லிவிட்டுத்தான் போனார். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். மறைப்பது அறிவியலுக்குத் துரோகம் என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். நினையுங்கள். வேறொரு ஊரில், அக்காவின் பெயரிலேயே அதை வளர்ப்பேன். இந்த மனிதரின் கண்முன்னால் ஒரு குடுவைகூடப் பச்சையாகாது.