ஓர் ஆளுக்குப் பத்து மூட்டை

எங்கள் வீட்டின் பின்கட்டு அறையில் ஒன்பது வருடங்களாகப் பத்து மூட்டை நெல் இருக்கிறது. அதே நெல் இல்லை. தை மாதம் சம்பா அறுவடை முடிந்ததும் குத்தகைக்காரர் பதினைந்து மூட்டை கொண்டுவந்து இறக்குவார். ஐந்து மூட்டை தம்பி வீட்டுக்குத் திருச்சிக்குப் போகும். போன வருடத்துப் பத்து மூட்டை அரைக்கப் போகும், புதுப் பத்து மூட்டை அதன் இடத்தில் உட்காரும். வண்டு வைக்காமல் பார்ப்பது, வெயில் கண்ட நாளில் ஒவ்வொரு சாக்காகப் பிரித்துத் தார்ப்பாயில் காயவைப்பது, நொச்சித் தழை பறித்துவந்து இடையில் போடுவது எல்லாம் என் வேலை. வாரம் ஆறு நாளும் ரைஸ் மில்லில் நெல்லின் ஈரப்பதம் பார்க்கிறவள் நான். ஏழாவது நாளாவது நெல் முகத்தில் விழிக்காமல் இருக்கக் கூடாதா என்று பல தடவை நொந்துகொண்டிருக்கிறேன்.

எங்களுடையது குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. அதற்கு ஒரு கதை உண்டு, இங்கே வேண்டாம். வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மாவுக்கு எழுபத்தைந்து, சர்க்கரை, முழங்கால் வலி.

நாங்கள் பரம்பரையாக லுத்தரன் சபை. அப்பா இறந்த வருடம் அம்மா பெந்தெகொஸ்தே சபைக்குப் போனாள். அதில் எனக்கு வருத்தமில்லை. பழைய சபையின் போதகர், ஐயர் என்போம், அடக்கத்தன்று வந்தார், பிறகு முப்பதாம் நாள் வந்தார். அந்தச் சபைப் பெண்களோ தினமும் வந்தார்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்கள், அவள் அழுதால் சேர்ந்து அழுதார்கள், போகும்போது பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள். நான் அப்படி எல்லாம் உட்காரவில்லை. மில்லுக்குப் போய்விட்டேன்.

அடுத்த ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்ததும் அம்மாவும் தம்பியும் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார்கள். நான் கரையில் துண்டை வைத்துக்கொண்டு நின்றேன். "நீயும் இறங்கேன்டி," என்று அம்மா இடுப்பளவு தண்ணீரிலிருந்து கூப்பிட்டாள். "எனக்குத்தான் சின்னதுலயே குடுத்தாச்சே. ஒரு ஆளுக்கு எத்தனை தடவை," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அம்மா சிரிக்கவில்லை. அந்த வருடம் தையில்தான் முதல் தடவையாகப் பத்து மூட்டையைப் பின்கட்டில் வைக்கச் சொன்னாள். பழைய நெல்தான் சோற்றுக்கு நல்லது, அதற்காக வைக்கிறாள் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

விஷயம் தெரிந்தது நான்கு வருடத்துக்கு முன்பு, சித்திரையில் தம்பி வந்தபோது. அவனுக்கு அதற்குள் கொள்கை மாறியிருந்தது. போனில் யாரோ ஒரு போதகரின் பிரசங்கத்தை விடாமல் கேட்டு, இரகசிய வருகை என்று தனியாக ஒன்றும் கிடையாது என்ற முடிவுக்கு வந்திருந்தான். அம்மா கேட்டு நம்புவது வேறு. ஆண்டவர் முதலில் இரகசியமாக வருவார், எக்காளம் தொனித்ததும் ஆயத்தமாக இருக்கிறவர்களைக் கண் மூடித் திறப்பதற்குள் எடுத்துக்கொண்டு போவார். மற்றவர்கள் ஏழு வருட உபத்திரவத்தில் கிடப்பார்கள். அதில் பின் பாதி மூன்றரை வருடம் கையிலோ நெற்றியிலோ முத்திரை போட்டுக்கொள்ளாதவர்கள் ஒரு சாமான் வாங்க முடியாது, விற்க முடியாது. அதெல்லாம் முடிந்து ஆண்டவரின் ஆயிரம் வருட ஆட்சி, அதற்குப் பிறகுதான் நியாயத்தீர்ப்பு. தம்பியோ, விசுவாசிகளும் உபத்திரவத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும், யாருக்கும் தனி வழி இல்லை என்றான். இரண்டு பேரும் வசனத்துக்கு வசனம் சண்டை போட, மீன் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

கை கழுவப் போனவன் பின்கட்டில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "அம்மா, நீங்க சொல்றபடி பார்த்தா இது வேண்டாம். நான் சொல்றபடி பார்த்தா எல்லாருக்கும் வேணும். எனக்கும் புள்ளைங்களுக்கும் இதுல பாதியக் குடுங்க," என்றான்.

"உனக்கு எதுக்குடா? நீயும் நானும் போயிடுவோம். இது அக்காவுக்கு."

தம்பி என்னைப் பார்த்தான். நான் அம்மாவைப் பார்த்தேன். லேட்டாக வருகிறவளுக்கு ரசம் எடுத்து வைத்திருக்கிறேன் என்பதுபோல, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"மூணரை வருஷம், ஒரு ஆளு. ஒருவேளை சோறு, ஒருவேளை கஞ்சி. கணக்குப் பார்த்துத்தான் வச்சிருக்கேன். முழுக்கு எடுக்காதவ, அவ தனியா இருப்பா. கடையில ஒண்ணும் வாங்க முடியாது. நெல்லாவது இருக்கட்டும்."

மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள் நான். சர்க்கரை பார்க்க மாயவரத்துக்கு அழைத்துப்போகிறவள் நான். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறவள் நான். தீர்ப்பு நாள் வருவதற்கு முன்பே எனக்கு மட்டும் தீர்ப்பு எழுதி, அதற்குச் சாப்பாட்டையும் கட்டி வைத்துவிட்டாள். நான் கைவிடப்படப்போவதற்கான நெல்லை நானே ஐந்து வருடம் காயவைத்திருக்கிறேன்.

அன்று முதல் எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. நீயும் எங்களோடு வருவாய் என்று அம்மா ஒரு தடவை சொல்ல வேண்டும். இரகசிய வருகையை நான் நம்புகிறேனா என்பது வேறு விஷயம். பெற்றவள் கண்ணில் நான் அந்தப் பக்கத்து ஆளாக இருக்கக் கூடாது.

நெல்லை அப்படியே விட்டேன். ஐப்பசி மழையில் அந்துப்பூச்சி பறக்க ஆரம்பித்தது. அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல், தானே சொம்பால் அள்ளிப் புடைத்துக்கொண்டிருந்தாள். எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? பூச்சி சாம்பாரில் விழுந்த அன்று நானே மறுபடி சாக்குகளைப் பிரித்தேன். கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

பழைய சபையின் ஐயர் வருடத்துக்கு ஒரு தடவை வீடு சந்திக்க வருவார். இப்போதிருப்பவர் சின்ன வயதுக்காரர், நல்லவர். அவர் வந்தபோது அம்மா காதில் விழட்டும் என்றே கேட்டேன். "ஐயா, கடைசி நாளுன்னா எப்படி? ரெண்டு தவணையா, ஒரே தவணையா?"

"ஒரே நாள்தாங்க," என்றார். "இறந்தவங்க, இருக்கிறவங்க எல்லாரும் ஒண்ணா எழுந்து அவர் முன்னாடி நிப்போம். ஏழு வருஷம், ஆயிரம் வருஷம்லாம் அடையாளமா எழுதியிருக்கிறது. அப்படியே எடுத்துக்கக் கூடாது."

"அப்ப இந்த நெல்லு?"

அவர் எட்டிப் பார்த்தார். "நல்ல நெல்லா இருக்கே. சமைச்சுச் சாப்பிடுங்க."

அவர் சைக்கிள் தெருமுனை திரும்பியது. "அவருக்கு எல்லாமே அடையாளம்தான்," என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

மில்லில் என்னோடு களத்தில் நெல் தள்ளும் அம்மாள் ஒருத்தி இருக்கிறாள். கத்தோலிக்கப் பெண், வருடம் தவறாமல் வேளாங்கண்ணிக்கு நடக்கிறவள். அவளிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். "எங்கள்ல செத்த அன்னிக்கே ஒரு தீர்ப்பு, தீர்வைம்போம், ஆயிடும்," என்றாள். "அப்பறம் மிச்சப் பாவம் கழியுற வரைக்கும் உத்தரிக்கிற ஸ்தலம். எல்லாருக்குமா கடைசியில பொதுத்தீர்வை. நீ ஒண்ணும் கவலப்படாத, உனக்காக நான் பூசை வைக்கிறேன்." சொல்லிவிட்டு மறுபடி யோசித்து, "மில்லுல ரெண்டு பொம்பளைங்க இருப்பாங்க, ஒருத்திதான் போவாள்னு பைபிள்ல எழுதியிருக்கில்ல? நம்ம ரெண்டு பேர்ல யாரு?" என்றாள். நான் மீட்டரில் அடுத்த பிடி நெல்லைப் போட்டேன்.

போன வருடம் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் சிவன் கோவிலுக்குக் கும்பாபிஷேகம். ஒரு வெள்ளிக்கிழமை. எத்தனையோ வருடம் பூட்டிக் கிடந்த கோவில் என்பதால் தெருவே திரண்டு போயிருந்தது. வெளியூரிலிருந்து ஒரு வாத்தியக் குழுவை வரவழைத்திருந்தார்கள். பெரிய முரசு, கொம்பு, ஆள் உயரத்துக்கு எக்காளம். எங்கள் ஊரில் இதுவரை யாரும் எக்காளம் ஊதிக் கேட்டதில்லை. அன்று மில்லுக்கு லோடு வந்திருந்தது, நான் எட்டு மணிக்கே கிளம்பிவிட்டேன். அம்மாவுக்கு முதல்நாளிலிருந்தே காய்ச்சல். அதனால் சபையின் உபவாச ஜெபத்துக்குப் போகாமல், மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

பத்தரை மணிக்கு என் போன் அடித்தது. மில் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. கணக்கு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"நீ இருக்கியா?" என்றாள் அம்மா.

"இருக்கேன். என்னம்மா?"

மூச்சு மட்டும் கேட்டது. "சரி. நானும் இருக்கேன்," என்றாள். போனை வைத்துவிட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டதோ என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். தெருவில் ஒரு ஆள் இல்லை. வீடுகள் திறந்து கிடந்தன, எதிர்வீட்டுக் குழாயில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. கோவில் பக்கமிருந்து எக்காளம் மறுபடி எழும்பியது. வண்டியில் போய்க்கொண்டிருந்த நானே ஒரு நொடி பிரேக்கைப் பிடித்துவிட்டேன். அப்போதுதான் புரிந்தது.

அம்மாவுடையது பட்டன் போன். ஒன்றை அழுத்தினால் தம்பி. இரண்டு, ஜெபக்குழுவை நடத்தும் அக்கா. மூன்று, சபைப் போதகர். நான்கு நான். உபவாச ஜெபத்தில் எல்லோரும் போனை அணைத்து வைப்பார்கள், அது அவளுக்கே தெரியும், அந்த நேரத்தில் தோன்றவில்லை. தம்பியுடைய போனும் அணைந்திருந்தது. அரைத் தூக்கத்தில் எக்காளம் கேட்டு எழுந்தவள் வாசலுக்கு வந்து வெறும் தெருவைப் பார்த்திருக்கிறாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அழுத்தியிருக்கிறாள். யாருமே எடுக்கவில்லை. அதன் பிறகு என்னை அழைத்திருக்கிறாள்.

வீட்டுக்குள் அவளைக் காணவில்லை. கொல்லைக்கு ஓடினேன். தார்ப்பாயை விரித்து, சொம்பு சொம்பாகக் கொண்டுவந்து அரை மூட்டை நெல்லைக் கொட்டியிருந்தாள். அதன் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்து கையால் கிளறிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் இன்னும் விட்டிருக்கவில்லை.

"எல்லாரும் போயிட்டாங்க," என்றாள் என்னைப் பார்க்காமல். "தம்பியும் போயிட்டான்."

"யாரும் போகலம்மா. கோவில்ல கும்பாபிஷேகம். அவங்க ஊதுறது அது." குழந்தைக்குச் சொல்வதுபோல இரண்டு தடவை சொன்னேன். நம்பாமல் என் முகத்தையே பார்த்தாள். பன்னிரண்டு மணிக்குத் தம்பி கூப்பிட்டான், போனில் சார்ஜ் இல்லாமல் போயிற்றாம். அம்மா போனை வாங்கி, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு என்னிடம் கொடுத்தாள். பிறகு முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதாள்.

மூன்று வருடமாக நாக்கு நுனியில் வைத்திருந்த வார்த்தைகள் இருந்தன. இப்போது தெரிகிறதா எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கலாம். கேட்க மனசு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பா இறந்தபோது உட்காராததையும் சேர்த்து உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அதுக்கு ஏம்மா நெல்ல இழுத்துப் போட்ட? காய்ச்சலோட?"

"ஒரு ஆளுக்குத்தான வச்சிருந்தேன்," என்றாள் முந்தானைக்குள்ளிருந்து. "நான் வேற நின்னுட்டேன். உனக்குக் குறைஞ்சிடுமோன்னு பார்த்தேன்."

இந்த வருடம் தையில் குத்தகைக்காரர் வழக்கம்போலப் பதினைந்து மூட்டையோடு வந்தார். அம்மா சபைக்குப் போவதை விடவில்லை, இரகசிய வருகையையும் விடவில்லை. தம்பி வந்தால் இப்போதும் சண்டைதான். அன்று நடந்ததை யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள், அதை இங்கே உடைத்துவிட்டேன். பத்து மூட்டை உள்ளே போனதும், மீதியைத் திருச்சி வண்டியில் ஏற்றக் குத்தகைக்காரர் திரும்பினார்.

"அதையும் உள்ள வைங்க," என்றாள் அம்மா. "அவனுக்கு ரேஷன் அரிசி கிடைக்குது."

எனக்கு முதுகு வலித்தது. இனிமேல் பதினைந்து மூட்டையைக் காயவைக்க வேண்டும். "எதுக்கும்மா? பத்து போதும்னு நீதான கணக்குப் பார்த்த?" என்றேன்.

"அது ஒரு ஆளுக்கு. ரெண்டு பேருக்கு எப்படிக் காணும்? எனக்குக் கஞ்சிதான், அஞ்சு போதும்."

"நீதான் போயிடுவியே."

சாக்கு கட்டும் சணலைப் பிரித்தெடுத்தாள். "கூப்பிடும்போது கேட்டுப் பார்க்கிறேன்," என்றாள். "உன்னையும் கூட்டிக்கிட்டு வரலாமான்னு. முடியாதுன்னா இருந்துட்டுப் போறேன்."

சணலை என்னிடம் நீட்டினாள். கடைசிச் சாக்கின் வாயைக் கட்டினேன். கண்ணீர் மறைத்ததால் முடிச்சு சரியாக விழவில்லை, இரண்டு தடவை அவிழ்த்துக் கட்ட வேண்டியிருந்தது.