நீல டிரம்மில் விதைத்த கீரை

“இன்னாம்மா, புக்கு பட்சிட்டா கீரை மொளைச்சிடுமா?” என்று அப்பா சிரித்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். விடுவேனா? அம்பத்தூரில் ஒரு காயலான் கடையில் பழைய நீல டிரம் வாங்கி, உள்ளே கழுவி, நெடுக்கில் பாதியாக அறுத்து, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி அரைக்கீரை விதைத்தேன்.

நடுவில் தளதளவென்று வளர்ந்த கீரை, டிரம்மை ஒட்டிய ஓரத்தில் மட்டும் கருகியது. ஏன் என்ற கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. அம்மா கீரையை அறுத்து அடுப்பில் ஏற்றியிருந்த நேரம், டிரம்மின் வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்தேன். அழுக்குக்கு அடியில் ஆங்கிலத்தில் அச்சடித்து ஒட்டிய ஒரு சீட்டு. இரும்புக்கு முலாம் பூசும் ரசாயனம், விஷம் என்று இருந்தது.

“அம்மா, அடுப்ப அணை!”

“துன்ற நேரத்துல இன்னாடி?” என்றபடியே அம்மா அணைத்தார்.

அப்பா சீட்டைத் தடவிப் பார்த்தார். “எனுக்கு இது வெறும் ஸ்டிக்கர்தான் கண்ணு. நீ பாக்கலன்னா துன்ட்டிருப்போம்.”

இப்போது சமையல் எண்ணெய் வந்த டப்பாவில்தான் விதைக்கிறேன். அன்று பக்கத்து வீட்டு செல்வி அக்காவும், அதே கடையில் வாங்கிய டிரம்மில் குடிதண்ணீர் பிடித்து வைத்திருந்தார். கீரையைக் கொட்டிய கையோடு அங்கே ஓடி, அந்த டிரம்மில் இருந்த சீட்டையும் படித்துக் காட்டினேன். இருவருமாகத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டோம்.