மஞ்சள் வெளிச்சம் வராத மதியம்

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை பிடித்திருந்த நாட்களில், திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் நடந்தது இது. மாடியில் ஓர் இளம் தம்பதி குடியிருந்தார்கள். இருவருக்கும் காது கேட்காது, பேச்சும் வராது. கணவர் அச்சகத்தில் வேலை பார்த்தார். மனைவி வீட்டிலேயே மோட்டார் வைத்த மெஷினில் ஜாக்கெட் தைப்பாள். ஆறு மாதத்தில் ஒரு பெண் குழந்தை.

நான் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். சின்னச் சின்ன எலக்ட்ரானிக் சர்க்யூட் செய்வது எனக்கு ஒரு பைத்தியம். அது தெரிந்து ஒருநாள் அவள் போனில் தட்டிக் காட்டினாள்: "அக்கா, பாப்பா அழுதா எனக்குத் தெரியுற மாதிரி ஏதாச்சும் செய்ய முடியுமா?"

அந்த வாரம் முழுக்க, பள்ளி விட்டு வந்ததும் அதே வேலைதான். ஓட்டை ஓட்டையாக இருக்கும் போர்டில் பின்களைச் செருகி, மெல்லிய நீல ஒயரை ஒவ்வொரு பின்னிலும் ஏழு சுற்று இறுக்கிச் சுற்றினேன். இதற்குச் சூடு வேண்டாம். சதுரப் பின்னின் விளிம்பே ஒயரைக் கவ்விக்கொள்ளும். சுற்றச் சுற்ற மனசு எங்கோ மிதக்கும். ஜன்னலுக்கு வெளியே சிறுமலை மேகத்துக்குள் கரைந்துபோயிருக்கும். தூறல் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

அழுகைச் சத்தத்தைப் பிடிக்கும் மைக்கை மட்டும் ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். கடைசி இடத்தில் ஈயம் உருகி நின்றபோது என் கணவர் கூப்பிட்டார்.

"தோசை ஆறுது, வாரியா இல்லையா?"

"செத்த நேரம் இருங்க, வாரேன்" என்று திரும்பினேன். கையிலிருந்த ஒயர் லேசாக அசைந்தது. ஈயம் ஆறுவதற்குள் அசைந்தால், பார்க்க ஒட்டியதுபோல் இருக்கும், உள்ளே பிடித்திருக்காது. இது எனக்குத் தெரியும். ஆனாலும் கைதட்டிப் பார்த்தேன், போர்டில் சோதனைக்கு வைத்திருந்த சின்ன விளக்கு எரிந்தது. எழுந்து சாப்பிடப் போய்விட்டேன்.

மாடி ஜன்னலைச் சுற்றி மஞ்சள் எல்.இ.டி. பட்டையை ஒட்டினோம். குழந்தை அழுதால் அது எரியும். முதல்முறை எரிந்தபோது அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அதன்பின் நான் கொல்லையில் நிற்கும்போதெல்லாம் மேலே அழுகை கேட்கும், ஜன்னல் மஞ்சளாகும், ஒரு நிழல் வந்து குனியும், மஞ்சள் மெல்ல அணையும். கனவில் நிற்பவள்போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

பத்து நாள் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை மதியம், வானம் இருட்டிக்கொண்டு வந்ததால் கொடியிலிருந்து துணி எடுக்கப் போனேன். மேலே குழந்தை அழுதது. ஜன்னல் மஞ்சளாகவில்லை. இதோ எரியும், இதோ எரியும் என்று நின்றேன். திடீரென்று அழுகை, துணிக்குள்ளிருந்து வருவதுபோல அமுங்கியது.

மாடிக்கு ஓடினேன். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. இரண்டு கையாலும் தட்டினேன். உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

கீழிருந்து என் கணவர் கத்தினார். "தட்டி என்ன செய்ய? அவளுக்குக் கேக்கவா போகுது?"

அப்போதுதான் தோன்றியது. "ஏங்க, மாடி மெயின ஆஃப் பண்ணுங்க! சீக்கிரம்!"

மீட்டர் பெட்டி படிக்கட்டுக்குக் கீழேதான். டக்கென்று ஒரு சத்தம். மெஷின் நின்றது. நாற்காலி நகர்ந்தது, பிறகு ஓடும் காலடி. கதவு திறந்தபோது அவள் தோளில் குழந்தை வீறிட்டது. மெஷின் நின்றதும் திரும்பிப் பார்த்தாளாம்; பாயில் விரித்திருந்த சேலையில் குப்புறப் புரண்டு, அதற்குள் முகத்தைச் சுருட்டிக்கொண்டு கிடந்ததாம். முகம் சிவந்திருந்தது, மூச்சு சீராக இருந்தது.

சாயங்காலம் அவள் கணவர் வந்ததும் போர்டை எடுத்து வந்தார்கள். அவள் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஓர் இடத்தில் நகத்தை வைத்தாள். மற்ற ஈயமெல்லாம் பளபளத்தது. அது மட்டும் சாம்பல்போல மங்கியிருந்தது. அதை அழுத்திக்கொண்டு கைதட்டினால் சின்ன விளக்கு எரிந்தது, விட்டால் எரியவில்லை. "என் தப்புதான்" என்று போனில் எழுதிக் காட்டினேன். அவள் தலையாட்டிவிட்டு, குழந்தையைக் கணவர் மடியில் விட்டாள். ஒயரை அவளே பிடித்துக்கொண்டாள். நான் திரும்பப் பற்றவைத்தேன். புகை முகத்தில் அடித்தும், நான் போதும் என்று கைகாட்டும்வரை அவள் விரல் அசையவில்லை.

அவள் கணவர் போனில் எழுதியது இன்னும் நினைவிருக்கிறது. "முன்னாடி பாப்பாவப் பாத்தபடியேதான் தைப்பா அக்கா. லைட் வந்தப்புறம்தான் மெஷினை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டா." குறையாக எழுதவில்லை, நடந்ததைச் சொன்னார்.

அவர்கள் இப்போது பழனிப் பக்கம் போய்விட்டார்கள். நான் செய்து கொடுக்கும் பொருளை யாராவது பாராட்டினால் இப்போதும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. கூடவே, இதை நம்பி இவர்கள் எதிலிருந்து கண்ணை எடுக்கப் போகிறார்களோ என்ற பயமும் வருகிறது. அந்தப் பயம் என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.