அம்பத்தூர் ரோட்டில் நடந்து வந்த மிஷின்

காலை ஏழு மணிக்குச் சென்ட்ரலில் லோக்கல் வண்டி ஏறினேன். அம்பத்தூர் ஏறக்குறையப் பதினேழு கிலோமீட்டர். மாயவரத்திலிருந்து இரவெல்லாம் உட்கார்ந்து வந்தவனுக்கு இது ஒரு தூரமா என்று கண்ணை மூடினேன். திறந்தபோது திருமுல்லைவாயில்.

எதிரில் டிபன் தூக்கோடு உட்கார்ந்திருந்த திருநெல்வேலிக்காரர் சிரித்தார். "நீங்க இறங்க வேண்டிய ஊரு போயிட்டுல்லா! பேசாம ஆவடிக்கே வாங்க அண்ணாச்சி, எங்ககூட பட்டாளத்து டாங்கி செய்யலாம்."

டாங்கி செய்யும் அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை. மளிகைக் கடைக்காரன். திரும்பி வந்து அம்பத்தூரில் இறங்கி, ஒரு ரூபாய் பேசிச் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறினேன்.

"எஸ்டேட்ல எந்தக் கம்பெனி சார்?"

"போல்ட் செய்யும் கம்பெனி."

"அங்க அல்லாரும் போல்ட்டுதான் சார் பண்றாங்கோ. ஆளு பேரச் சொல்லு."

ஆள், என் மனைவியின் தம்பி சபாபதி. ஆறு மாதமாக இங்கே வாடகை ஷெட்டில் தொழில் செய்கிறான். பாடியில் இருக்கும் பெரிய தொழிற்சாலை ஒன்றிலிருந்து இன்று இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் சரி என்றால் ஆர்டர். இல்லையென்றால் கையோடு அவனை மாயவரத்துக்கு அழைத்து வந்துவிடும்படி என் மனைவி உத்தரவு. என் கடையில் புளி பொட்டலம் கட்டும் ஆள் போன வாரம்தான் நின்றிருந்தான்.

எஸ்டேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேற்றுவரை நெல் விளைந்த இடமாம். இன்று ரம்பப் பல் போன்ற கூரைகளோடு வரிசை வரிசையாக ஷெட். கட்டடம், கரண்ட், தண்ணீர்த் தொட்டி, லாரி திரும்பும் அகல ரோடு, பேங்க், தபாலாபீஸ் எல்லாம் தயாராக இருக்கின்றன. நீ மிஷினோடு வந்தால் போதும் என்கிறார்கள். எங்கள் ஊரில் தொழில் செய்பவனுக்கு நகராட்சி கொடுத்தது ஒரு குப்பைத்தொட்டி. அதையும் என் கடை வாசலில்தான் வைத்தது.

மணி பத்து இருக்கும். அந்த அகல ரோட்டில் ஒரு ஊர்வலம் வந்தது. சாமி என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினேன். வந்தது ஆளுயர டிரில்லிங் மிஷின். கீழே இரும்புக் குழாய்களை உருளையாக வைத்து, பத்துப் பேர் "ஏலேலோ" போட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முன்னால் சபாபதி, வியர்வையில் குளித்து.

"வாங்க மாமா! பின்னாடி விடுபட்ட குழாயை எடுத்து முன்னாடி வையுங்க!"

பிரயாணக் களைப்பு தீருமுன் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். இரண்டாவது குழாயிலேயே கால் விரல் நசுங்கியது.

மிஷின் பக்கத்து ஷெட் முனிரத்தினத்துடையது. இங்கே இதுதான் வழக்கம். சபாபதியிடம் லேத்து, அவரிடம் டிரில்லிங் மிஷின். எவனுக்கு அவசரமோ அவன் ஷெட்டுக்கு மற்றவன் மிஷின் நடந்து போகும். தரையில் சபாபதி முன்பே நாலு போல்ட் பதித்து வைத்திருந்தான். மிஷினை அதன்மேல் உட்கார்த்தினார்கள். ஆனால் யாரும் நட்டுப் போடவில்லை.

"ஏன்?" என்றேன்.

"இரவல் மிஷினை இறுக்கக் கூடாது மாமா. திருப்பித் தர மனசில்லைன்னு அர்த்தமாயிடும்."

இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லி மனிதர். மிஷினைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் எந்த ஷெட்டில் இரவலாக நின்றதோ அங்கே பூசிவிட்ட அடையாளங்கள் அதில் இருந்தன: ஒரு பக்கம் நாமம், மறுபக்கம் விபூதிப் பட்டை, பின்னால் சுண்ணாம்பில் சிலுவை.

"இது எந்த மதம்?" என்றார்.

சபாபதி என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"சரி, ஒரு போல்ட்டுல துளை போடுங்க."

போட்டான். மிஷின் லேசாக ஆடியது. இன்ஸ்பெக்டர் அளவுக் கம்பியைத் துளையில் விட்டுப் பார்த்தார். கம்பி சாய்ந்தது.

"துளை கோணல். இறுக்காத மிஷின்ல எப்படி வேலை செய்வீங்க? இறுக்கி வேலை செய்யறதா இருந்தா பேசலாம். இல்லைன்னா நான் கிளம்பறேன்."

இறுக்கினால் மிஷின் இங்கேயே நிற்கும்; முனிரத்தினத்தின் வேலை என்னாவது? வாசலில் சாய்ந்திருந்த அவர் பீடியைக் கடைசிவரை இழுத்தார். பிறகு உள்ளே வந்தார்.

"இன்னா நைனா முழிக்கிற? ஸ்பேனர எடு."

"அண்ணாத்தே, உங்க வேலை..."

"எம் இரும்பு பீஸ தள்ளுவண்டில கொண்டாந்து இங்கயே ஓட்ட போட்டுக்கினு போறேன். ஆனா சாயந்தரமாச்சுன்னா எனுதுதான் ஃபஸ்ட்டு. அப்பால தகராறு பண்ணாத."

முதல் நட்டை அவரே முடுக்கினார். முடுக்கும்போது முகம் கொஞ்சம் கோணித்தான் இருந்தது. "பொண்ணக் கட்டிக் குடுத்தா மாதிரி கீது," என்றார், யாரையும் பார்க்காமல்.

இரண்டாவது துளையில் கம்பி நேராக நின்றது. "சாம்பிளுக்கு ஒரு லாட் போல்ட் அனுப்புங்க," என்று சொல்லி, கொடுத்த டீயைக் குடிக்காமலே இன்ஸ்பெக்டர் போனார். அதை நான் குடித்தேன்.

மாலை ஐந்து மணிக்கு நான் கிளம்பியபோது முனிரத்தினத்தின் தள்ளுவண்டி வாசலில் நின்றது. உள்ளே, யார் முறை என்று சபாபதியும் அவரும் அதற்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னை வழியனுப்ப ஒருவருக்கும் நேரமில்லை.

நான் தனியாகவே ஊர் திரும்பினேன். மறுநாள் புளி பொட்டலம் கட்டியபடி எதிர்க்கடையைப் பார்த்தேன். முப்பது வருஷமாக எதிரெதிரே வியாபாரம் செய்கிறோம்; ஒரு எடைக்கல்கூட இரவல் கேட்டதில்லை. எழுந்து போய், "உங்க பெரிய தராசை அரைநாள் இரவல் தருவீங்களா?" என்று கேட்டேன்.

"ஐயய்யோ," என்றார் அவர், நிஜமான அனுதாபத்தோடு. "கடையை மூடப் போறீங்களா?"