எனக்குப் புற்றுநோய் இல்லை

நிதி சேகரிக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "பஸ்ஸில் போனால் வாந்தி வருமா?" சிரிப்பார்கள். என் கதையைக் கேட்ட பிறகு சிரிக்க மாட்டார்கள்.

வயிறு, குடல் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டும் சிறிய நிதியம் ஒன்றின் பதுளை அலுவலகத்தில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்திருந்தது. முகாமையாளர் சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, மூணு மாசத்துல ஒரு தேயிலத் தோட்டமாவது மாசாமாசம் காசு குடுக்க நம்மளோட சேரணும். இல்லாட்டி ஒங்கள வச்சிக்க ஏலாது" என்றார். நானோ வேலை நிரந்தரம் என்று வீட்டில் அளந்துவிட்டிருந்தேன்.

முதல் நாள் மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டம். பஸ் தூக்கிப்போட்டதில் குடல் வாய்க்கு வந்துவிட்டது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் சனம் கூடி நின்றது. நான் பிறவியிலேயே ஒல்லி. கையில் உண்டியல். பிளாஸ்டிக் உறைக்குள் டாக்டர் கையெழுத்துப் போட்ட எங்கள் நிதியத்தின் கடிதம்.

டாக்டர் கடிதத்தோடு ஒருவர் பெரட்டுக்கு வந்தால் தோட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஆபரேஷனுக்கு வழியில்லாத நோயாளி. தோட்டத் தலைவர் செல்லையா கடிதத்தைப் 'புற்றுநோய்' என்ற சொல் வரைக்கும் வாசித்தார். அதற்கு மேல் வாசிக்கவில்லை.

"எல்லாரும் கேளுங்க. இந்த சாருக்கு வயித்துல புத்துநோய். ஆளப் பாத்தாலே தெரியுது. முடிஞ்சதக் குடுங்க."

"இல்லைங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாந்திதான் வந்தது. யாருக்காவது சந்தேகம் இருந்திருந்தால் அதுவும் தீர்ந்தது.

கொழுந்தெடுக்கும் பரமேஸ்வரி அக்கா ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். "பயப்படாதீங்க தம்பி. ஒங்களுக்காக நான் வெள்ளிக்கெழம வெரதம் இருக்கேன்." உண்டியல் நிறைந்துகொண்டே போனது. வாயைக் கொப்பளித்த பிறகாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடுமே என்று நல்ல பிள்ளையாக நின்றேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

செல்லையா அதோடு விடவில்லை. என்னைப் படமெடுத்து, 'உதவுங்கள்' என்று வாட்ஸ்அப்பிலும் போட்டுவிட்டார். அது லுணுகலை வரை போய், மூன்றாம் நாள் பண்டாரவளையில் இருந்த என் மனைவியின் போனுக்கு வந்தது. அவள் அழுது முடிக்க ஒரு நாள், விசயம் தெரிந்து திட்டி முடிக்க இரண்டு நாள். "வேல போனா போகட்டும். போய் உள்ளதச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

அடுத்த வாரம் அதே பெரட்டுக்களத்தில் சீல் உடைக்காத உண்டியலைக் கீழே வைத்தேன். "எனக்கு நோய் இல்லைங்க. இது ஆராய்ச்சிக்கு. வேணாம்னா எல்லாருக்கும் திருப்பித் தந்துர்றேன்."

செல்லையா என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி, அப்ப நோயாளி யாரு? பேரச் சொல்லுங்க."

"பேரு இல்லைங்க. இனிமே நோய் வரப்போறவங்களுக்கு."

"வராத நோயாளிக்கு யாராச்சும் காசு சேப்பாங்களா?"

களமே சிரித்தது. வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

பரமேஸ்வரி அக்கா சிரிக்கவில்லை. ஆரோக்கியமான ஆளுக்காகப் பட்டினி கிடந்தவர் அல்லவா. என்னை ஒரு முறை முறைத்துவிட்டுத் தலைவர் பக்கம் திரும்பினார்.

"ஏன் தலைவரே, சாவுச் செலவுக்குன்னு மரணாதார சங்கத்துக்கு மாசாமாசம் கட்டுறோமே, அடுத்து யாரு சாகப்போறான்னு பேரு கேட்டுக்கிட்டா கட்டுறோம்? பொட்டிக்கும் பந்தலுக்கும் முன்கூட்டியே கட்டுறோம். சாகாம இருக்கறதுக்குக் கட்டுனா என்ன?"

சிரிப்பு நின்றது. செல்லையா தலையைச் சொறிந்தார். "அப்ப இதையும் மாசாமாசம் சங்கக் காசோடயே சேத்துருவோம்" என்றார். ஆராய்ச்சி என்றால் என்ன என்று விளக்க நான் மூன்று பக்கம் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அது சட்டைப்பையிலேயே கிடந்தது.

களம் கலைந்ததும் அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"ஒங்களுக்கு நோய் இல்லாதது சந்தோசந்தான் தம்பி. எங்க வீட்டுக்காரருக்கு இருந்துச்சு. நாங்களும் இப்பிடித்தான் லெட்டரத் தூக்கிக்கிட்டுத் தோட்டந்தோட்டமாச் சுத்துனோம். குடுக்காத ஆளே இல்ல. காசு சேந்தப்ப அவருதான் இல்ல."

நோய் வந்த பிறகு சேர்க்கிற காசு, எவ்வளவு நல்ல மனதோடு கொடுத்தாலும், பிந்தித்தான் வருகிறது. இந்த வேலையில் நான் கற்ற பாடம் இதுதான். அதைச் சொல்லிக்கொடுத்தவருக்கு நான் பொய் நோயாளியாக இருந்தேன்.