பின் இடது சக்கரம்

நான் யார் காதிலும் பூச்சுற்ற வரவில்லை. இது என் தங்கைக்கும் அவள் கணவருக்கும் உண்மையாகவே நடந்தது. மாப்பிள்ளை சொன்னதை அப்படியே சொல்கிறேன். நம்பாதவர்கள் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அந்தக் காரைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவர் எழுந்து போய்விடுகிறார்.

மாப்பிள்ளை ஜன்னல்களுக்குக் கண்ணாடி அறுத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். நிதானமான மனுஷர். டயர் காற்று விஷயத்தில் மட்டும் பைத்தியம். வாரம் தவறாமல் காலையில், வண்டியை எடுக்கும் முன், டயர் சூடேறாதபோதே மீட்டரை எடுத்துக்கொண்டு குனிந்துவிடுவார். நாலிலும் 33 இருந்தால்தான் அவருக்குத் தொண்டையில் காபி இறங்கும்.

"என்னை ஒரு நாளாவது இப்படி விசாரிச்சிருக்காரா?" என்று தங்கை கிண்டல் செய்வாள்.

போன வருடம் பழைய கார் ஒன்று வாங்கினார். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் திரையில் ஒவ்வொரு டயரின் காற்றும் நம்பராகத் தெரியும். குறைந்தால் மஞ்சள் விளக்கு எரியும். ஓட ஓட டயர் சூடாகி 35, 36 என்று நம்பர் ஏறுவது வழக்கம். மூன்று டயர்கள் ஏறின. பின் இடது மட்டும் எத்தனை தூரம் ஓடினாலும் 33-லேயே நின்றது.

"நாலுல இதுதான் தங்கம்" என்று பெருமை வேறு பட்டுக்கொண்டார். அங்கேதான் மனுஷர் கோட்டை விட்டார்.

தங்கைக்கு அப்போது எட்டாம் மாதம். வருடக்கணக்கில் காத்திருந்து தங்கிய குழந்தை. அன்றைக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு ஏரிக்கரைச் சாலை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மாலை ஆறு பத்து. வெளிச்சம் இன்னும் போகவில்லை. அவள் வழக்கம்போல் பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

டிங்.

மஞ்சள் விளக்கு. பின் இடது... 31.

"ஆணி ஏதாச்சும் ஏறியிருக்கும்" என்றார்.

29... 26... 22...

ஓரம் கட்டினார். இறங்கி மீட்டரை வைத்தார். 36. எடுத்து மறுபடி வைத்தார். அதே 36. டயரை ஓங்கி உதைத்துப் பார்த்தார். கல்லாக இருந்தது. ஜன்னல் வழியாகத் திரையை எட்டிப் பார்த்தார்.

19.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. காத்து சரியாத்தான் இருக்கு. இதுதான் ஏதோ உளறுது."

மெதுவாகக் கிளப்பினார். அப்போதுதான் அந்தச் சத்தம்.

தப்... தப்... தப்...

காற்றுப்போன டயர் தார் ரோட்டில் அடிக்கும் சத்தம். ஆனால் வண்டி குலுங்கவில்லை. ஸ்டீயரிங் ஒரு பக்கமும் இழுக்கவில்லை. சத்தம் மட்டும் இடது பக்கம், கொஞ்சம் பின்னால், கூடவே வந்தது.

திரும்பிப் பார்த்தார். தங்கை வலது கதவோடு ஒட்டி ஒடுங்கியிருந்தாள்.

"ஏம்மா தள்ளிட்டே?"

"சீட்டு ஈரமா இருக்குங்க."

"ஈரமா?"

"சொட்டச் சொட்ட..."

மழை இல்லை. தண்ணீர் பாட்டில் முன்னால் அவர் பக்கத்தில்தான் கிடந்தது.

12.

5.

வளைவு வந்தது. ஏரித் தண்ணீர் ரோட்டோரம் வரை தளும்பி நின்றது.

0.

"என்னங்க... என் வயித்து மேல யாரோ கை வைக்கிறாங்க..."

அவர் நிறுத்தவில்லை. மிதித்தார்.

தப் தப் தப் தப்...

வளைவு தாண்டியது. சத்தம் நின்றது.

விளக்கு அணைந்தது. பின் இடது... 33.

வீட்டு வாசலில் இறங்கியபோது குழந்தை உதைத்தது. அதற்குப் பிறகுதான் இருவருக்கும் மூச்சே வந்தது. அந்தக் காரில் இனி ஏறமாட்டேன் என்று தங்கை அழுதாள்.

மறுநாள் காலை மாப்பிள்ளை தனியாக டயர்க்கடைக்குப் போனார். கடைக்காரர் அந்தச் சக்கரத்தைக் கழற்றி, ரிம்மிலிருந்து டயரைப் பிரித்து, உள்ளே விரலை விட்டுத் தடவினார். மறுபடி சுற்றித் தடவினார்.

"சார், ஒவ்வொரு வீலுக்குள்ளயும் ஒரு சென்சார் இருக்கும். அதுதான் காத்தை அளந்து அனுப்பும். இதுல அது இல்லையே. யாரோ சாதா வீல் மாட்டியிருக்காங்க."

"அப்போ நம்பர் எப்படி வருது?"

"வரக்கூடாதே சார். வெறும் கோடுதான் வரணும். வண்டி இன்னும் பழைய வீலோட சென்சாரைத்தான் தேடிட்டிருக்கும். ஆனா அதோட சிக்னல் சில அடி தூரந்தான் எட்டும். நம்பர் வரணும்னா அந்த வீல் கூடவே..."

அவர் முடிக்கவில்லை.

மாப்பிள்ளை அங்கேயே நின்று, காரை விற்றவருக்குப் போன் போட்டார்.

"பின்னாடி இடது வீலை ஏங்க மாத்தினீங்க? பழசு எங்க?"

மறுமுனையில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"டயர் வெடிச்சு வண்டி ஏரிக்குள்ள போயிடுச்சுங்க. மஞ்சள் லைட் எரிஞ்சிட்டேதான் இருந்துச்சு. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்னு ஓட்டிட்டேன்... வண்டியத் தூக்கிட்டாங்க. பிய்ச்சிக்கிட்டுப் போன அந்த வீல் மட்டும் கிடைக்கல."

"ஆளுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"பின்சீட்டுல என் சம்சாரம் இருந்தா. எட்டு மாசம். அவளும் இன்னும் கிடைக்கலங்க."